கொடு, தா, ஈ: ஒரே பொருளா?

கேள்வி இதுதான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வீட்டுப்பாடத்தில் "நான் அவனுக்குப் பென்சில் தந்தேன்" என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை 'தந்தேன்' என்பதை அடித்துவிட்டு 'கொடுத்தேன்' என்று சிவப்பு மையில் எழுதி, அரை மதிப்பெண்ணும் குறைத்துவிட்டார். வீட்டில் இருக்கும் வழிகாட்டி நூலைப் புரட்டினால், 'கொடு' என்ற சொல்லுக்கு நேராக 'தா, ஈ, அளி, வழங்கு, நல்கு' என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. எல்லாம் ஒரே பொருள் என்றால் இதில் என்ன தப்பு?

எல்லாம் ஒரே பொருள் இல்லை. ஆசிரியையின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனாலும் மதிப்பெண்ணைக் குறைத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் காரணம் உண்டு. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக மெய்ப்புத் திருத்துகிறேன். தமிழில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

முதலில் ஒரு சோதனை. இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "இதைக் கொண்டுபோய் அவரிடம் கொடு." சரியாக வருகிறது. இப்போது 'கொடு'வை எடுத்துவிட்டு 'தா' போடுங்கள்: "இதைக் கொண்டுபோய் அவரிடம் தா." நாக்கு இடறுகிறது, இல்லையா? அதையே "கொண்டுவந்து என்னிடம் தா" என்று மாற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இலக்கணம் படிக்காதவரும் இதை உணர்வார். 'போய்' என்ற சொல்லோடு 'தா' ஒட்டுவதில்லை. 'வந்து' என்ற சொல்லோடு உடனே ஒட்டிக்கொள்கிறது.

போன வருடம் பாளையங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்தான். "அண்ணாச்சி, அம்மா அரைக் கிலோ சீனி தரச் சொன்னாவ." கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டி நீட்டியபடியே, "இந்தா, இத அம்மாட்ட கொண்டு குடு. பாக்கி அஞ்சு ரூவாய நாளைக்குத் தாரேன்னு சொல்லு" என்றார். மூன்று வாக்கியத்துக்குள் மொத்த இலக்கணமும் வந்துவிட்டது. பையன் கைக்கு வருவது 'தர'. அங்கிருந்து அம்மாவுக்குப் போவது 'குடு'. கடைக்காரரிடமிருந்து எதிரில் இருப்பவர் பக்கம் வருவது மறுபடியும் 'தாரேன்'. இருவரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில் அப்படியே சொல்லியிருக்கிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு வினைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு, 'தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த' என்கிறது. அதாவது தருவதும் வருவதும் எனக்கும் உனக்கும் உரியவை. 'ஏனை இரண்டும் ஏனை இடத்த', மற்ற இரண்டும், செல்வதும் கொடுப்பதும், மூன்றாமவருக்கு உரியவை. நம்மை நோக்கி நகர்ந்தால் வா, தா. நம்மை விட்டு விலகி நகர்ந்தால் போ, கொடு. யார் கையில் பொருள் சேர்கிறது என்பதுதான் கணக்கு.

'வா', 'தா' இரண்டும் எப்படி ஒரே வார்ப்பில் இருக்கின்றன என்று பாருங்கள். வருகிறேன், தருகிறேன். வந்தேன், தந்தேன். வருவேன், தருவேன். வரவு, தரவு. 'வாராய்' என்றால் 'தாராய்' என்று வரும். தமிழில் வேறெந்த இரண்டு வினைகளும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நடப்பதை நான் பார்த்ததில்லை. எமனோ என்ற மொழியியலாளர் 1945இல் திராவிட மொழிகளின் 'வா', 'தா' வினைகளைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். நீலகிரியில் தோடர்களோடும் கோத்தர்களோடும் இருந்து அவர்கள் மொழியைப் பதிவு செய்தவர் அவர். அந்த மொழிகளிலும் எனக்கும் உனக்கும் தருவதற்கு ஒரு சொல், அவனுக்குக் கொடுப்பதற்கு ஒரு சொல் என்று இரண்டு இருக்கின்றன. மலையாளத்தில் இன்றைக்கும் இது கறாரான விதி. 'எனிக்கு தா', 'அவனு கொடுக்கு' என்றுதான் சொல்வார்கள். இதை மாற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னும் வடக்கே போனால் வேறு ஒன்று தெரிகிறது. கன்னடத்தில் 'நீரு தா' என்றால் தண்ணீர் கொண்டுவா என்று பொருள். கொடுப்பதற்கு அவர்களுக்கு 'கொடு' இருக்கிறது. தெலுங்கில் 'தே', 'தெச்சு' என்பவையும் கொண்டுவருவதைத்தான் குறிக்கின்றன. கொடுப்பதற்கு அங்கே 'இவ்வு'. நம் 'ஈ'தான் அது. நாம் செய்யுளில் மட்டும் வைத்திருக்கும் சொல், ஆந்திராவில் காய்கறிக் கடையில் புழங்குகிறது!

'தா' என்றால் கொண்டுவருதல் என்ற அந்தப் பொருள் பழைய தமிழிலும் இருந்தது. நெடுநல்வாடையில் 'தருமணல்' என்று வருகிறது. வேறிடத்திலிருந்து கொண்டுவந்து முற்றத்தில் பரப்பிய மணல் அது. தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் 'நிலந்தரு திருவிற் பாண்டிய'னை, யாருக்கோ நிலத்தைத் தானம் செய்தவன் என்று ஒருவர் எழுதியதை ஒருமுறை திருத்த வேண்டியிருந்தது. பகைவர் நிலத்தை வென்று தன் பக்கம் சேர்த்தவன் என்று கொள்வதுதான் வழக்கம். 'தரு' என்ற சொல்லுக்குள் இருக்கும் திசையைப் பார்க்காமல் விட்டால், நிலத்தைச் சேர்த்தவனை நிலத்தைக் கொடுத்தவனாக ஆக்கிவிடுவோம்.

அப்படியென்றால் 'அவனுக்குத் தந்தேன்' தவறுதானே என்று கேட்கலாம். இங்கேதான் மதிப்பெண் விஷயம் வருகிறது. புறநானூறு 55ஆம் பாட்டில், முப்புரம் எரித்த சிவனை 'பெருவிறல் அமரர்க்கு வென்றி தந்த' என்கிறார் புலவர். அமரர் என்றால் தேவர்கள், படர்க்கை. தொல்காப்பியக் கணக்குப்படி 'கொடுத்த' என்று வந்திருக்க வேண்டும். 'தந்த' என்றே வருகிறது. சங்கப் பாட்டிலேயே வேலி தாண்டியாகிவிட்டது. இன்றைய எழுத்துத் தமிழில் 'தா' எல்லாத் திசைக்கும் போகிறது. 'அரசு விவசாயிகளுக்கு வாக்குறுதி தந்தது' என்று எழுதினால் யாரும் திருத்த மாட்டார்கள். நானும் திருத்துவதில்லை. அதேபோல 'கொடு'வும் நம் பக்கம் திரும்பிவிட்டது. சென்னைப் பேச்சில் 'எனக்குக் குடு' என்பதுதான் சாதாரணம். அதில் பிழை இல்லை. ஆனால் பேச்சில் 'தா' இன்னும் படர்க்கைப் பக்கம் போகத் தயங்குகிறது. 'கொடு' எங்கேயும் போகும், 'தா' போகாது. அந்தத் தயக்கத்தைத்தான் ஆசிரியையின் காது பிடித்திருக்கிறது.

எழுத்தில் 'தா' நன்றாக நிலைத்திருக்கும் இடங்களைக் கவனித்தால் திசை அங்கேயும் ஒளிந்திருக்கும். நிழல் தரும் மரம், பலன் தரும் மருந்து, மகிழ்ச்சி தரும் செய்தி. எல்லாம் நம்மிடம் வந்து சேர்பவை. பசு பால் தரும், தாய் குழந்தைக்குப் பால் கொடுப்பாள். இந்த இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். 'பசு கன்றுக்குப் பால் கொடுக்கிறது' என்றால் கன்று மடியில் முட்டிக் குடிப்பது கண்ணில் தெரியும். 'பசு இரண்டு லிட்டர் பால் தருகிறது' என்றால் நம் சொம்புதான் தெரியும். ஒரே மாடு, ஒரே பால்.

திசை போக, தொல்காப்பியம் இன்னொன்றையும் சொல்கிறது. எச்சவியலில், ஈ, தா, கொடு மூன்றும் ஒருவர் இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது வரும் சொற்கள் என்று சொல்லிவிட்டு, 'ஈ' என்பது தாழ்ந்தவன் கேட்பது, 'தா' என்பது சமமானவன் கேட்பது, 'கொடு' என்பது உயர்ந்தவன் கேட்பது என்று பிரிக்கிறது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். 'தாழ்ந்தவன்' என்ற சொல் நமக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அடுத்து வரும் நூற்பாவில் ஒரு விளக்கம் இருக்கிறது. பாடப்புத்தகம் அதைத் தொடுவதில்லை. 'கொடுவென் கிளவி படர்க்கை யாயினும் தன்னைப் பிறன்போற் கூறும் குறிப்பின் தன்னிடத் தியலும்.' கொடு என்பது படர்க்கைக்கு உரிய சொல்தான். ஆனால் உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது தன்னையே வேறொருவனைப் போல நிறுத்தி வைத்துப் பேசுகிறான். அதனால்தான் அந்தச் சொல் அவனுக்கு வந்து பொருந்துகிறது.

இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று வேலையை நிறுத்திவிட்டு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கை நீட்டி 'எனக்குத் தா' என்பவன் தன் தேவையை ஒத்துக்கொள்கிறான். 'கொடு' என்பவன் ஓர் எட்டுத் தள்ளி நின்று கட்டளை போடுகிறான். இன்றைக்கும் 'தாங்க' என்பதில் ஒரு குழைவு இருப்பதாகவும், 'குடுங்க' என்பதில் வெறும் கொடுக்கல் வாங்கல் மட்டும் இருப்பதாகவும் எனக்குத் தோன்றும். குழந்தை பாட்டியிடம் 'எனக்குத் தா பாட்டி' என்று கெஞ்சும். அதே குழந்தை தம்பி பிடுங்கிய பொம்மைக்கு 'குடுடா!' என்று கத்தும்.

'ஈ' என்ற சொல்லின் இடம் எது என்று தெரிய வேண்டுமானால் புறநானூறு 204ஐப் படித்தால் போதும். வல்வில் ஓரியைப் பாடிய கழைதின் யானையார், 'ஈயென இரத்தல் இழிந்தன்று' என்று தொடங்குகிறார். 'ஈ' என்று கேட்பது இழிவு, 'ஈயேன்' என்று மறுப்பது அதைவிட இழிவு. அடுத்த வரியில் 'கொள்ளெனக் கொடுத்தல் உயர்ந்தன்று' என்கிறார். கேட்பவன் வாயில் ஈ. தானே முன்வந்து நீட்டும்போது கொடு. இரந்து கேட்கும் இடத்தில் 'தா'வும் இல்லை, 'கொடு'வும் இல்லை. தொல்காப்பியம் விதியாகச் சொன்னது இங்கே பாட்டாக இருக்கிறது.

வள்ளுவரும் இந்தச் சொல்லை அளந்துதான் போடுகிறார். 'வறியார்க்கொன் றீவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.' குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுப்பது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி, அடுத்த வாரம் ஒரு டம்ளர் திருப்பிக் கொடுக்கிறோமே, அது. இல்லாதவருக்குக் கொடுத்தால்தான் ஈகை, திரும்பி வரும் என்று கொடுப்பது அந்தச் சர்க்கரைக் கணக்குத்தான் என்கிறார். ஆகவே கடன் கொடுத்தவரை 'ஈந்தார்' என்று எழுதக் கூடாது. இப்போது 'ஈ' பேச்சில் இல்லை. ஈகை, ஈகைத் திருநாள், பிறகு மரபுக் கவிதை. அவ்வளவுதான்.

சரி, அளி. இதைப் பற்றி ஒன்று மட்டும் சொன்னால் மற்றது விளங்கிவிடும். அரசனுக்கு வேண்டியவற்றை எண்ணும்போது வள்ளுவர் 'கொடையளி செங்கோல் குடியோம்பல் நான்கும்' என்கிறார். நான்கு எவை? கொடை ஒன்று, அளி ஒன்று, செங்கோல், குடியோம்பல். கொடையும் அளியும் ஒன்றே என்றால் எண்ணிக்கை மூன்றுதான் வரும். அளி என்பது இரக்கம், கனிவு. 'தண்ணளி' என்கிறோமே, அந்த அளி. 'அளியள்' என்றால் இரங்கத்தக்கவள். மேலிருந்து கனிவோடு கீழே வருவதுதான் அளித்தல். காலப்போக்கில் கனிவு உதிர்ந்து, கொடுத்தல் மட்டும் மிஞ்சிவிட்டது. இன்றைக்கு 'ஆட்சியரிடம் மனு அளித்தார்' என்று நாளிதழில் வருகிறது. கேட்பவர் அளிக்கிறார், கேட்கப்படுபவர் வாங்கிக்கொள்கிறார். பழைய திசை முழுக்கத் தலைகீழாகிவிட்டது. நான் 'மனு கொடுத்தார்' என்று மாற்றிவிடுவேன்.

'வாக்கு' என்ற சொல்லோடு இந்த வினைகள் சேர்வதும் கவனிக்க வேண்டியது. 'வாக்குக் கொடுத்தான்' என்றால் சத்தியம் செய்த மாதிரி. 'வாக்களித்தான்' என்றால் ஓட்டுப் போட்டான் என்பதுதான் முதலில் மனதில் வரும். 'வாக்களித்தபடி நடந்துகொண்டார்' என்று எழுதினால் மறுபடியும் உறுதிமொழி. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

வழங்கு வேறு குடும்பம். வழக்கு, வழக்கம், வழங்குதல் எல்லாம் ஒரே வேர். 'அந்தச் சொல் எங்கள் ஊரில் இன்னும் வழங்குகிறது' என்கிறோம். புழக்கத்தில் இருப்பது, பலரிடமும் சென்று சேர்வது என்பது அதன் உட்பொருள். அதனால் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் இடத்தில் அது அழகாக நிற்கும். கோயிலில் பிரசாதம் வழங்கலாம், மாணவர்களுக்குச் சீருடை வழங்கலாம், விருது வழங்கலாம், நீதிமன்றம் தீர்ப்பு வழங்கலாம். ஒரு கதைப் பிரதியில் 'அம்மா காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருந்து வழங்கினாள்' என்று இருந்தது. படித்ததும் மனம் சுருங்கியது. அந்த ஒரு சொல்லால் அம்மா அரசாங்க முகாமில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். 'கொடுத்தாள்' என்று மாற்றினேன். அப்போதுதான் மருந்து புகட்டும் பாலாடையும் அம்மாவின் கையும் தெரிந்தன. மேடைத் தமிழும் அறிக்கைத் தமிழும் 'கொடு'வைக் கண்டு கூச்சப்படுகின்றன. அது கொச்சை என்ற எண்ணம். கொச்சை இல்லை. 'கொடை' அதிலிருந்து வந்ததுதானே!

நல்கு என்பது இப்போது வரவேற்பிதழிலும் ('ஆதரவு நல்குமாறு'), ஆய்வு நல்கை என்ற கல்விச் சொல்லிலும் இருக்கிறது. அன்றாட வேலைக்கு வராது. வரி, அபராதம், அஞ்சலி, நேர்த்திக்கடன் எல்லாம் 'செலுத்து'. பேச்சில் பீஸ், கரண்ட் பில் என்றால் 'கட்டு'. சோறும் பிச்சையும் 'போடு', பழைய தமிழில் 'இடு'.

அப்புறம், சேர்ந்து வரும் வினைகள். வழிகாட்டி நூலின் பட்டியல் முழுசாகக் கவிழ்வது இங்கேதான். 'காட்டித் தந்தார்' என்றால் வழியையோ வேலையையோ காட்டி உதவினார். 'காட்டிக் கொடுத்தார்' என்றால் துரோகம். ஓர் எழுத்துகூட மாறாத 'காட்டி', பக்கத்தில் நிற்கும் சொல் மாறியதும் ஒருவன் நல்லவனா கெட்டவனா என்பதே மாறிவிடுகிறது. 'எனக்குக் கணக்குச் சொல்லித் தாங்க' என்று கேட்பது படிக்கும் ஆசை. 'யாரோ சொல்லிக் கொடுத்து இப்படிப் பேசுறான்' என்றால் தூண்டிவிட்டிருக்கிறார்கள். பெண் கொடுத்தார்கள் என்பதற்குப் பதில் பெண் வழங்கினார்கள் என்று சொன்னால் சம்பந்தி வீட்டில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கொடுத்து வைத்தவன், முகம் கொடுத்துப் பேசு, காது கொடுத்துக் கேள், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள், ஈடு கொடு, பிடி கொடுக்காமல் பேசு. இவற்றில் ஒன்றில்கூட அளியோ நல்கோ ஏறாது. இடம் கொடுத்தால்தான் மடத்தைப் பிடுங்குவான், இடம் அளித்தால் பேருந்தில் உட்காருவான். புதிதாக வருகிற சொற்களும் 'கொடு'விடம்தான் போய்ச் சேருகின்றன. மிஸ்டு கால் கொடு, லிஃப்ட் கொடு, பில்டப் கொடு. உயிரோடு இருக்கும் வினை எது என்று தெரிய வேண்டுமானால், புதுச் சொல் எதோடு சேருகிறது என்று பார்த்தால் போதும்.

யாழ்ப்பாணத் தமிழில் 'முகங்கொடு' என்பதற்கு எதிர்கொள்வது என்று பொருள். 'நெருக்கடிக்கு முகங்கொடுத்தோம்' என்று இயல்பாக எழுதுவார்கள். இந்தியத் தமிழ் வாசகர் முதலில் கொஞ்சம் தடுமாறுவார். அதே யாழ்ப்பாணப் பேச்சில் 'நாளைக்குத் தாறன்', 'ஒருக்காத் தாங்கோ', 'அவருக்குக் குடுங்கோ' என்று தாவும் கொடுவும் அவையவை இடத்தில் இருக்கின்றன. பாளையங்கோட்டைக் கடைக்காரரின் அதே கணக்கு, கடலுக்கு அந்தப் பக்கம்.

இனி வீட்டுப்பாடம். 'நான் அவனுக்குப் பென்சில் தந்தேன்' என்பது இன்றைய எழுத்துத் தமிழில் பிழை இல்லை. 'கொடுத்தேன்' அதைவிட இயல்பு, பழைய இலக்கணத்துக்கும் பொருந்துகிறது. ஆசிரியையிடம் அரை மதிப்பெண்ணுக்காகப் பேச வேண்டுமானால் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், அவர் திருத்தியது நல்ல காதால் என்பதையும் விட்டுவிடாமல். மகளை இன்று மாலை ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஒரு பென்சில் மூன்று பேர் கை மாற வேண்டும், இரண்டு வினையும் வர வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். "அக்கா எனக்குப் பென்சில் தந்தாள், நான் அதைத் தம்பிக்குக் கொடுத்தேன்" என்று அவளாகவே எழுதிவிடுவாள்.